கதவளவு முகம்

“அழைப்பிதழ்ல சின்னதா இருந்துச்சு, சரி போகட்டும்னு விட்டேன். இங்க வந்து பாத்தா கதவு சைஸுக்கு மாட்டி வச்சிருக்கீங்க. இந்த மூஞ்சிக்கு இது அடுக்குமா?” என்றார் புகைப்படக்காரரின் நாத்தனார்.

கண்காட்சிக் கூடத்தின் வாசலிலேயே இருந்தது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். கேமராவை மார்போடு பிடித்தபடி ஓர் இளம்பெண். மேலே பெரிய எழுத்தில், ‘முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்: நாற்பது ஆண்டுகள், நூற்றிருபது படங்கள்.’

“அம்மா, கொஞ்சம் மெதுவா,” என்றாள் கண்காட்சிப் பொறுப்பாளர். “உள்ள ஆளுங்க வந்துட்டாங்க.”

“வரட்டும். மூக்கப் பாரு, வதங்குன கத்திரிக்கா. தாடைய மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கிறா, ஊரையே வெலைக்கு வாங்குனவ கணக்கா.”

போன வருடம் இறந்துபோன புகைப்படக்காரரின் சொந்தம் என்று வந்திருந்தது இந்த நாத்தனார் மட்டும்தான். ஏன் அழைத்தோம் என்று பொறுப்பாளர் பத்து நிமிடத்தில் நொந்துபோயிருந்தாள். அவளுடைய பணி நிரந்தர உத்தரவு இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கண்காட்சி சொதப்பினால் அது குப்பைக் கூடைக்குப் போகும்.

இந்த முகத்தைத் தேடி அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். புகைப்படக்காரர் ஆயுள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவர். அவருடைய அடையாள அட்டையில் முகம் இருந்த இடத்தை எலி தின்றிருந்தது. கடைசியில் டிரங்குப் பெட்டியின் அடியில் இந்த ஒரு படம் அகப்பட்டது. இப்போது அது துணிப்பைகளிலும் முந்நூறு காபிக் கோப்பைகளிலும் சிரிக்காமல் நின்றது.

கல்லூரிப் பெண் ஒருத்தி படத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தாள். “இந்தக் கண்ணுல என்ன ஒரு தீ” என்றாள்.

“தீயா? தூக்கம்,” என்றார் நாத்தனார்.

பொறுப்பாளர் அவசரமாகக் குறுக்கே வந்தாள். “லென்ஸ மறைக்கிற அந்த விரலப் பாருங்கம்மா. அதுல ஒரு மறுப்பு இருக்கு. அதப் பத்தியே பதினோரு வரி எழுதியிருக்கேன்.”

“மறுப்பும் இல்ல, பருப்பும் இல்ல. கேமராவ எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியல இவளுக்கு. இத எடுத்துட்டு உள்ள இருக்கிறதுல நல்லதா ஒண்ணு மாட்டு.”

மாலைப் பத்திரிகை நிருபர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். படத்தைக் காட்டி, “அம்மா, நீங்க குடும்பத்து ஆளு. இவங்க எடுத்ததுல உங்களுக்குப் பிடிச்சது எது?” என்றார்.

“இவளா? என்ன தம்பி, கிண்டலா? இவ ஆயுசுல ஒரு படம் எடுத்ததில்ல.”

நிருபரின் பேனா நிமிர்ந்தது. “அப்ப உள்ள இருக்கிற நூத்திருபதும்?”

“அது வேற ஆள் எடுத்தது. இவ கையில குடுத்தா கால் கட்டவெரலத்தான் எடுப்பா.”

‘முதல் பெண் புகைப்படக்காரர், முழுப் பொய்’. நாளைய தலைப்பு பொறுப்பாளரின் கண்முன் ஓடியது. நாத்தனாரின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். நிருபரும் விடாமல் தொடர்ந்தார்.

“உங்களுக்கும் உங்க அண்ணிக்கும் ஆயிரம் இருக்கலாம்மா. நாத்தனார் சண்டை எந்த வீட்டுல இல்ல? அவங்க போய்ச் சேந்துட்டாங்க, விட்டுருங்க. என் வேலைய நெனச்சாவது விட்டுருங்க.”

நாத்தனார் அவளைப் புரியாமல் பார்த்தார். “எங்க அண்ணிய நான் எப்பம்மா திட்டுனேன்? அவங்க தங்கம். மழையில நனைஞ்சு, போலீஸ்கிட்ட அடி வாங்கி, நூத்திருபதும் அவங்க எடுத்ததாச்சே.”

நிருபர் எழுதியதை அடித்தார். பிறகு மறுபடி வாசலைப் பார்த்தார். “அப்ப இவ்வளவு நேரம் மூக்கு, தாடைன்னு திட்டுனது?”

“நல்லா இருக்கே நியாயம்,” என்றார் நாத்தனார். “என் மூஞ்சிய நான் திட்டக் கூடாதா?”