அரைப்புள்ளியின் துக்கம்

பூங்கோதை புதிதாகக் கற்கும் கணினி மொழியில் வரி முடிவில் அரைப்புள்ளி (;) வைக்கத் தேவையில்லை. ஆனாலும் பழைய மொழியில் எழுதிய பழக்கதோஷத்தில் அவள் விரல் கீபோர்டில் அந்த விசையைத் தேடி வரும். உடனே, "ஐயோ, மறுபடியுமா!" என்று அழித்துவிடுவாள்.

"இத்தனை காலம் ஒவ்வொரு வரியையும் நான்தானே முடிச்சு வெச்சேன்? இனி நான் எதுக்கு அண்ணே?" என்று அரைப்புள்ளி விசை, ஷிப்ட் விசையிடம் விசும்பியது.

அதற்குள் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. 'இப்படி இருந்தால்' என்று பூங்கோதை எழுதிய நிபந்தனை வரி ஓடவில்லை. "எனக்கு இது வராதுபோல" என்று அவள் கண்கலங்கினாள்.

அரைப்புள்ளிக்குத் தன் துக்கம் மறந்துபோயிற்று. "பாவம் அண்ணே, அந்த வரியில என்னதான் குறையுது?"

"நீதான். உன் தலையில முக்காற்புள்ளியும் இருக்கே, என்னையும் சேர்த்து அழுத்தினா அதுதான் விழும், தெரியாதா?" என்றது ஷிப்ட்.

"என் முகத்தை நான் எங்கே பார்த்தேன்?"

பூங்கோதை பாடத்தை மறுபடி படித்தாள். ஒரு விரல் ஷிப்டை அழுத்த, இன்னொரு விரல் தயங்கித் தயங்கி அரைப்புள்ளி விசைமேல் இறங்கியது. வரியின் கடைசியில் இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. நிரல் ஓடியது. அவள் கைதட்டிச் சிரித்தாள்.

"எங்கேயும் போயிடாதே அண்ணே," என்றது அரைப்புள்ளி விசை. "அடுத்த நிபந்தனை வரிக்கு வர்றா."