கூரை வரை போன சோபா

மெனு என்றாலே நன்மாறனுக்கு எரிச்சல். சொன்னதைத் தானே செய்யும் அந்த வீட்டுக்கு ஒரு வேலை சொல்வதற்குள் காற்றில் பட்டியலை விரித்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருப்பது அவன் அம்மா பத்மாவதியின் வழக்கம். அவனோ மேசை, சுவர், தன் தொடை என்று எதன்மேலாவது விரலால் கட்டளையைத் தட்டிவிடுவான். அடுத்த நொடி வீடு செய்து முடித்துவிடும்.

அன்று அவன் காதலி தாமரையின் பெற்றோர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். அவள் அப்பா சிவக்கொழுந்து குழாயைத் திறந்து பார்த்தார், சன்னல் கொண்டியை ஆட்டிப் பார்த்தார், பிறகு மனைவியோடு சோபாவில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வீட்டு வேலையெல்லாம் வருமா தம்பி?”

“ஒரு விரல் போதும் சார். இப்ப காபி வரும் பாருங்க.”

காலையில்தான் காபி போடச் சொல்லிப் பழகிப் பார்த்திருந்தான். கடைசிக் கட்டளையை மறுபடி செய்யவைக்கும் ஷார்ட்கட்டை முழங்காலில் ஒயிலாகத் தட்டினான்.

சோபா மேலே கிளம்பியது.

“டேய், காபிக்கு அப்புறம் நான் மெனுவுல வீடு துடைக்கச் சொன்னேன்டா!” என்று அம்மா அலறினாள்.

தரையைத் துடைக்க வழிவிட்டுச் சோபா கூரையை ஒட்டி நின்றது. கீழே தரையெல்லாம் நுரை. பதற்றத்தில் நன்மாறனுக்கு ஒரு கட்டளையும் நினைவுக்கு வரவில்லை. அம்மா மெனுவைத் துழாவினாள். கல்யாணம் இத்தோடு சரி என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மேலிருந்து கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு வந்தது. சிவக்கொழுந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அவசரப்பட்டு இறக்கிடாதீங்க மாப்பிள்ளை! காபிய இங்கயே அனுப்புங்க.”