சுவரைப் பார்த்துத் திரும்புங்கோ

"எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்புங்கோ! பாஸ்வேர்ட் போடப் போறேன்!"

மேனேஜர் வைத்யநாதன் குரல் கொடுத்ததும், மண்டி மொஹல்லா கடைத்தெருவில் இருந்த அந்தச் சின்ன வங்கியில் காசாளர் பிரதிபாவிலிருந்து வரிசையில் நின்ற வெல்ல வியாபாரி வரை அத்தனை பேரும் திரும்பினார்கள். பத்தாயிரத்துக்கு மேல் பணம் கொடுக்க அவர் அனுமதி வேண்டும். கம்ப்யூட்டர் வந்த இந்த ஆறு மாதமாக இதே கூத்துதான்.

'டக்'கென்று ஒரு சத்தம்.

"ஆச்சு, திரும்பலாம்!"

என்ன வேகம்! பிரதிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்று அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை செக் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டு, பின்னால் போகலாமென்று எஸ்கேப் பொத்தானைத் தட்டினாள். மேனேஜர் பாஸ்வேர்ட் கேட்ட கட்டம் மாயமாகி, 'பணம் கொடுக்கலாம்' என்று திரை பல்லிளித்தது. உடனே அதை ரத்து செய்துவிட்டு, சாஃப்ட்வேர் எழுதிய வினய்க்கு போன் போட்டுவிட்டாள். அவள் தற்காலிக ஊழியை. நிரந்தரமாக்கும் ஃபைல் மேனேஜர் மேஜையில் மூன்று மாதமாகத் தூங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் கையெழுத்துப் போடாமலா போய்விடுவார்!

மதியம் வினய் வந்தான். மேனேஜரை உட்காரவைத்து, அவர் கண்முன்னே பிரதிபாவை எஸ்கேப் தட்டச் சொன்னான்.

'பணம் கொடுக்கலாம்.'

மேனேஜர் முகம் வெளிறியது. "இது யார் யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்குத்தான் சார்" என்றான் வினய்.

"அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்கு நோண்டிண்டு?"

"அய்யய்யோ, பேடா சார், வேண்டாம்! யாராவது லட்ச ரூபா அடிச்சிட்டுப் போய்ட்டா? பத்தே நிமிஷம், அடைச்சிடறேன்."

மேனேஜர் பிரதிபாவை முறைத்தார். "டெம்பரரி ஸ்டாஃப் நீ! அந்தக் கட்டத்துல கை வெக்க உனக்கு யார் சொன்னா?"

போச்சு, ஃபைல் போச்சு, வேலையும் போச்சு.

வினய் சொன்னபடி முடித்தான். "இனி பாஸ்வேர்ட் இல்லாம ஒரு பைசா நகராது சார். ஒரு தடவை போட்டுப் பாருங்க."

யாரும் சொல்லாமலே வினயும் பிரதிபாவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

சத்தமே இல்லை. சுவர்க் காலண்டரில் அந்த மாதத்து விடுமுறைகளையெல்லாம் அவள் படித்து முடித்தாள். அப்போதும் சத்தம் இல்லை.

"திரும்பலாமா சார்?"

"அவன் அப்படியே நிக்கட்டும். நீ மட்டும் இங்க வா."

போனாள். மேனேஜர் அவள் காதருகே குனிந்தார்.

"இன்னிக்கே உன் ஃபைல்ல கையெழுத்துப் போட்டுடறேன். அந்தப் பையன்கிட்ட ஏதாவது சாக்குச் சொல்லி, புதுசா ஒரு பாஸ்வேர்ட் வாங்கிக் குடும்மா. பழசு மொத நாளே மறந்துடுத்து. ஆறு மாசமா நானும் எஸ்கேப்பைத்தான் தட்டிண்டிருக்கேன்!"