சிவப்புப் புள்ளி

தாவரக் கணக்கெடுப்பை அலசும் மென்பொருள், திரையில் ஒரே ஒரு செடிக்கு மட்டும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தது.

"இதென்ன?" என்றார் அன்று காலைதான் பொறுப்பேற்ற மேலாளர்.

கணினி முன் இருந்த அவளும் நீண்ட விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

"கணக்கெடுக்க வேண்டிய பாதைக்கு வெளியே இருக்கு சார்."

"வெளியேன்னா? மலைச்சரிவுக்கு அடியில, பாறை இடுக்குல காட்டுது! அங்க குரங்குகூட இறங்காது. கணக்கெடுத்த ஆள் வீட்ல உக்காந்துக்கிட்டே அளந்துவிட்டிருக்கான்."

"அரிய செடி சார். இருக்குன்னு காட்டினா அந்தச் சரிவுல குவாரி வராது."

"படத்தைப் பாருங்கம்மா. செடி பக்கவாட்டுல முளைச்ச மாதிரி இருக்கு. போனை நேராப் பிடிக்கக்கூடத் துப்பில்ல. அழிச்சிடுங்க."

அவள் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

"படுத்துக்கிட்டு எடுத்தா அப்படித்தான் சார் வரும்."

"வேலை நேரத்துல படுக்கை வேறயா? யாரு அவன்?"

"என் வீட்டுக்காரர்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் அங்க இறங்கல சார், விழுந்துட்டார். யாரையும் கூப்பிட சிக்னல் கிடையாது. உடம்பை எடுக்கும்போது போன் கையிலேயே இருந்துச்சு."

மேலாளர் குனிந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்.

"அழிச்சிடவா சார்?"