வண்டி பறக்கணும்

கோவளம் பெட்ரோல் பங்கில் கிருபாகரன் தன் பழைய ஸ்கூட்டரை நிறுத்தினான். பின்னால் இருந்த பூங்கொடி, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்த, பிரீமியம் பெட்ரோல் போடு. வண்டி பறக்கணும்," என்றான் கிருபாகரன்.

பங்க்காரர் சிரித்தார். "இந்த ஓட்ட வண்டிக்கா? துட்டுதான் தண்டம் நைனா. வேகம்லாம் ஏறாது."

"பரவால்லண்ணா, சீக்கிரம் போடுங்க!" பூங்கொடி மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

போட்டதும் மாமல்லபுரம் பக்கம் விரைந்தார்கள்.

சற்று நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. பின்சீட்டில் இருந்தவன் அரிவாளைக் காலடியில் தள்ளி மறைத்தான். ஓட்டிவந்தவன் மட்டும் இறங்கினான்.

"ஸ்கூட்டர்ல ஒரு ஜோடி போச்சா? என் தங்கச்சிதான். வூட்ல தேடிகினு கீறோம்."

"இந்த ரோட்ல நாள் பூரா ஜோடிங்கதான் சார். யாரைன்னு ஞாபகம் வெச்சிக்கிறது?"

"பழைய ஸ்கூட்டரு."

பங்க்காரரின் முகம் மலர்ந்தது. "அட, அதுங்களா! ஓட்ட வண்டிக்கு பிரீமியம் போட்டதுங்கள மறக்க முடியுமா? நேரா மாமல்லபுரம் போ சார், புடிச்சிடலாம்."