கமாண்டரின் கோணம்

பெரிஸ்கோப் வட்டத்துக்குள் கப்பல் சிக்கியிருந்தது.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கணினித் திரையைப் பார்க்க ஒரு கண்ணை மூட வேண்டியதில்லை. ஆனாலும் மூடினார்.

தலையில் நங்கூரம் போட்ட தொப்பி. மடியில் ஸ்டாப்வாட்ச். ஞாயிறு காலை மணி பதினொன்று. வெளியே வடபழனி. உள்ளே வட அட்லாண்டிக்.

பதினோரு பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினோரு பேருக்கும் அவர் கமாண்டர். காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர் என்பதோ, முட்டுக்காட்டில் படகேறி வாந்தி எடுத்தவர் என்பதோ அவர்களுக்குத் தெரியாது.

டார்பிடோவைக் கணினியே குறிபார்த்து விடும் வசதி இந்த நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டில் உண்டு. அதை அவர் தொடுவதில்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு.

கொடிமரத்தின் உயரத்தை அளந்து தூரம் போட்டார். ஸ்டாப்வாட்சை அமுக்கி வேகம் போட்டார்.

மிச்சம், கோணம்.

கப்பல் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்பது. நேரே நம்மைப் பார்த்து வந்தால் பூஜ்யம். முதுகைக் காட்டிப் போனால் நூற்று எண்பது.

ஒரே பனிமூட்டம்.

முப்பது என்று போட்டார். வருகிறது.

"கப்பல் இருக்கிற இடத்தைப் பாத்துச் சுடக்கூடாது," என்று மைக்கில் சொன்னார். "அது எங்க இருக்கப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியணும். எல்லாருக்கும் வராது அது."

சுட்டார்.

டார்பிடோ போய்ச் சேர மூன்று நிமிடம் பத்து நொடி.

அறை வாசலில் மனைவி வத்சலா வந்து நின்றாள். இரண்டு பெட்டிகள்.

வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள். சேலத்தில் வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன், இனி அங்கேதான், தனியாகத்தான் என்று. அவர் அப்போது ஓர் எண்ணெய்க் கப்பலின் நீளத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

"ஏங்க. நான் போறேன்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். கீழே கொத்தமல்லி வாங்கப் போனால்கூட, 'போயிட்டு வரேன்' என்பவள்.

'போயிட்டு வா' என்று முழுசாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஸ்டாப்வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமல், மிச்சமிருந்ததைச் சொன்னார்.

"வா."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஸ்டாப்வாட்சின்படி பதினான்கு நொடி.

பிறகு பெட்டிச் சக்கரங்கள் உருண்டன. லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

ஒரு நிமிடம் நாற்பது.

மூன்று பத்து.

மூன்று முப்பது.

நான்கு நிமிடம்.

கடல் அப்படியே இருந்தது. கப்பல் சிறுத்திருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஜெபராஜ் என்று ஒருவர், தூத்துக்குடித் துறைமுகத்தில் நிஜமாகவே வேலை பார்ப்பவர், எழுதினார்:

"அண்ணாச்சி, அது எங்க வருது? போய்க்கிட்டுல்லா இருக்கு. நீங்க மூஞ்சின்னு நெனச்சது முதுகு."

மற்ற பத்துப் பேரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

கமாண்டர் மைக்கை அணைத்தார். எழுந்து பால்கனிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றத் தோன்றவில்லை.

நான்காவது மாடி. கீழே தெருவில், இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

தூரம், எண்பது மீட்டர்.

வேகம், பெட்டி இழுக்கிற நடை.

நல்ல வெயில். பனிமூட்டம் எதுவும் இல்லை.

கோணத்தை மட்டும் அவர் போடவில்லை.