கேக்கல சார்

“டேய், செவிட்டுப் பொணமே! வெளிய வாடா!”

நாகவல்லி மூன்று முறை கத்திய பிறகுதான் குணசேகரனின் வீட்டுக் கதவு திறந்தது. அதற்குள் பட்டாபிராமில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

நாகவல்லியின் புருஷன் துலுக்கானமும் குணசேகரனும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. குணசேகரன் மேலே கிரேன் ஓட்டுபவன். துலுக்கானம் கீழே இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டுபவன். தகடு தொங்கும்போது அதன் அடியில் ஆள் நிற்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் விசில் ஊதினால் நிறுத்த வேண்டும்.

போன மாதம் குணசேகரன் இறக்கிய தகடு துலுக்கானத்தின் காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“காது கேக்காதுன்னு தெரிஞ்சிகினே இன்னா தைரியத்துல மேல ஏறுனே? ஊட்ல படுத்துகினு அழுவுறாருடா அவரு!”

குணசேகரன் குனிந்த தலையைத் தூக்கவில்லை. விசாரணையில், “விசில் கேட்டுச்சா?” என்றபோது, “கேக்கல சார்” என்று உள்ளதைச் சொல்லியிருந்தான். சூப்பர்வைசர் பார்த்தசாரதி அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை சார். ஷெட்ல வேற ஒரு மெஷினும் ஓடல. அவ்வளவு அமைதியில நான் ஊதின விசிலே கேக்கலைன்னா, இவன் காது எந்த லட்சணத்துல இருக்கு பாருங்க!”

கம்பெனி டாக்டர், ஃபேன் கடகடவென்று ஓடிய அறையில், குணசேகரனின் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ முணுமுணுத்தார். “என்ன சொன்னேன்?” என்றார். அவன் விழித்தான். செவிடு என்று முடிவு கட்டிவிட்டார்.

“ஃபேன நிறுத்திட்டுக் கேளு சார்! இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?” மேஜையில் ஓங்கிக் குத்தினான் குணசேகரன்.

“எதுக்குய்யா கத்துற? காது போனதுக்கு நீ என்ன பண்ணுவே? கேட்ல உக்கார்ற வேலை தர்றாங்க. பேசாம வாங்கிக்கோ.”

அன்றிலிருந்து அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடம் இரும்புச் சத்தத்திலேயே கிடந்தவன். ஒருவேளை நிஜமாகவே காது போய்விட்டதோ? துலுக்கானத்தின் காலை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

“நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்,” என்றான் வாசலில் நின்ற நாகவல்லியிடம். “மெஷின் வெச்சிப் பாக்குறாங்களாம். கேக்குதா, கேக்கலயான்னு எனக்கே தெரியணும்.”

“நானும் வர்றேன். அங்க போயி இன்னா நாடகம் ஆடுறேன்னு பாக்குறேன்!”

மறுநாள் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தும், சென்ட்ரல் வரும்வரை அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில், வெளிச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் அவனை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார் பரிசோதனை செய்யும் பெண். “எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் சரி, கையைத் தூக்குங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

நாகவல்லி கண்ணாடி வழியாக முறைத்துக்கொண்டே நின்றாள். உள்ளே குணசேகரன் பயத்தில் கண்ணை இறுக மூடியிருந்தான். கை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

அவன் வெளியே வந்ததும் அந்தப் பெண் சிரித்தார். “காது நல்லாவே கேக்குது. ஒரு குறையும் இல்ல.”

“சும்மாவாச்சும் கையத் தூக்கிகினு இருந்திருப்பாம்மா!” என்று சீறினாள் நாகவல்லி.

“இல்லம்மா. நடுநடுவுல சத்தமே குடுக்காம நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்பல்லாம் அவர் கையைத் தூக்கவே இல்ல.”

அடுத்த நொடி நாகவல்லி பாய்ந்து குணசேகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பட்டன் தெறித்து ஓடியது.

“அப்ப விசில் கேட்டும் எறக்குனியா? தெரிஞ்சேதான் என் புருசன் கால ஒடச்சியாடா?”

அவன் அவள் கையை விலக்கவில்லை. இத்தனை நாள் குனிந்தே கிடந்த தலை நிமிர்ந்தது.

“அந்தாளு விசிலே ஊதல, தங்கச்சி!”